‘உள்ளேன் அம்மா’ சொன்ன இரண்டு குரல்கள்

கேள்வி: எனக்கு வயது 63. தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். 1995இல் என் மகனை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவனுக்குக் கடுமையான திக்கல் இருந்தது. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினோம். வேண்டாத கோவில் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்ல முடியாமல் நின்றதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரித்ததால், பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அழுதான். இரண்டே ஆசிரியர்கள் இருந்த அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையை நாங்கள் ‘பெரிய டீச்சர்’ என்போம். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ‘உள்ளேன் அம்மா’ சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டார். பாடம் வாசிக்கும்போது அவனோடு அவரும் சேர்ந்து வாசிப்பார். நாளாக நாளாகத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். அவன் சொல்லத் திணறும் சொல்லை நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். ‘அவன் முடிக்கட்டும்மா, நமக்கு என்ன அவசரம்?’ என்று ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். 1997இல் சுதந்திரப் பொன்விழாக் கொடியேற்றத்தன்று, மூன்றாம் வகுப்பில் படித்த என் மகன் எல்லோர் முன்னிலும் நான்கு வரி பேசினான்.

இன்று அவன் புனேயில் வேலை பார்க்கிறான். அசதியாக இருக்கும்போது திக்கல் எட்டிப் பார்க்கும். ஆனால் அதற்கு அவன் பயப்படுவதில்லை. பெரிய டீச்சருக்கு இப்போது 80 வயது இருக்கும். கும்பகோணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மறதி நோய் வந்துவிட்டதாம். சில நாள் பெற்ற மகளையே தெரியவில்லையாம். பேச வரும் சொல்லும் பாதியில் நின்றுவிடுகிறதாம். இத்தனை ஆண்டுகளில் ஒரு நன்றி சொல்ல நான் போகவில்லை. பொங்கலுக்கு மகன் வருகிறான். அவனை அழைத்துக்கொண்டு போகலாமா? அவனைத் தெரியவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அவன் தாங்குவானா? பத்து நிமிடத்தில் மறந்துவிடப் போகிறவரிடம் நன்றி சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

அழைத்துக்கொண்டு போங்கள். அவர் அடையாளம் கண்டுகொள்வாரா என்ற எதிர்பார்ப்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பேச்சு, மொழிச் சிகிச்சையில் 25 ஆண்டுகளாக இருக்கிறேன். திக்கலுடன் வரும் குழந்தைகளும், மறதி நோயாலோ பக்கவாதத்தாலோ சொற்களை இழந்த முதியவர்களும் என் அறை வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அன்றாடம் பார்க்கிறவள் நான். அந்தக் குழந்தையும் அந்த முதியவரும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்களாக இருப்பதை உங்கள் கடிதத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன். அதனால் பெரிய டீச்சர் அன்று செய்தது என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறேன். இன்று நீங்கள் அவருக்குச் செய்யக்கூடியதும் அதற்குள்தான் இருக்கிறது.

திக்கல் உள்ள ஒருவர் தனியாகச் சொல்ல முடியாமல் தவிக்கும் அதே வாக்கியத்தை, இன்னொருவர் கூடவே சேர்ந்து சொன்னால், பெரும்பாலும் தடையே இல்லாமல் சொல்லிவிடுவார். பாடும்போதும் இப்படித்தான். ஒவ்வோர் ஒலியையும் எந்தக் கணத்தில் எடுப்பது என்ற கணக்கை மூளை இடைவிடாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. திக்கல் உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு நடுநடுவே தவறுகிறது. பக்கத்தில் ஒரு குரல் ஒலித்தால் அதன் தாளத்தைப் பற்றிக்கொண்டு பேச்சு ஓடத் தொடங்கிவிடுகிறது என்பது எங்கள் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் படித்தபோது இதை நான் பாடமாகக் கற்றேன். உங்கள் ஊர் டீச்சருக்கு இதைக் கற்பித்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். வகுப்பே ஒரே குரலில் ‘ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நான்கு’ என்று வாய்ப்பாடு சொல்லும் நேரத்தில், மற்ற வேளைகளில் முகம் சிவந்து நிற்கும் உங்கள் மகனின் உதடுகள் மற்ற பிள்ளைகளின் உதடுகளோடு சரளமாக அசைவதை அவர் ஒருநாள் கவனித்திருக்க வேண்டும். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பகிர்ந்துகொண்ட ஒரு பள்ளியில், அத்தனை சத்தத்துக்கு நடுவே, ஒரு பிள்ளையின் உதட்டைப் பார்த்திருக்கிறார்.

வருகைப் பதிவேடு அவனுக்கு ஏன் அவ்வளவு பெரிய பயமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திக்கல் உள்ள குழந்தைகள் வராத சொல்லைத் தாண்டிப் போக வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். ‘தண்ணீர்’ வரவில்லையென்றால் ‘குடிக்க வேண்டும்’ என்று மாற்றிக்கொள்வார்கள். ‘உள்ளேன் அம்மா’வுக்கு மாற்றுச் சொல் கிடையாது. அதோடு, தன் முறை வருவதற்கு முன் பத்துப் பதினைந்து பெயர்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டே அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவர்களான பிறகும் கூட, பெயரைச் சொல்லித் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய கூட்டங்களுக்குப் போகாமல் ஒதுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய டீச்சர் அவனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தால், ‘இவன் சொல்ல வேண்டாம்’ என்ற அந்த இரக்கமே அவன்மேல் ஒரு முத்திரையாக விழுந்திருக்கும். அவர் வகுப்பின் வழக்கத்தையே மாற்றிவிட்டார். பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டு. அவனுக்கு மட்டும்தான் அது மூச்சு. இதை எழுதும்போதே என் மனம் நெகிழ்கிறது.

கூட ஒலிக்கும் குரல் நின்றால் அந்தச் சரளமும் பெரும்பாலும் நின்றுவிடும். அதனால்தான் அவர் குரலை ஒரேயடியாக நிறுத்தாமல் நாளுக்கு நாள் தாழ்த்தியிருக்கிறார். துணையை மெல்ல விலக்கிக்கொள்வது என்று நாங்கள் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். மிகுந்த பொறுமை கேட்கும் வேலை அது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்வது என் கடமை. பெரிய டீச்சர் உங்கள் மகனின் திக்கலைக் குணப்படுத்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்குச் சிறு வயதில் திக்கல் வருகிறது. பெரும்பாலோருக்கு வளரும்போதே மறைந்து, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிற்கிறது. உங்கள் மகன் அந்த ஒருவர். அவனிடம் திக்கல் இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிய பயம் இல்லை. பெரிய டீச்சர் கொடுத்தது அந்தப் பயமின்மையைத்தான், சிகிச்சையாளராக நானும் கடைசியில் கொடுக்க விரும்புவது அதையே. வசம்பு தடவியதற்காகவோ, அவன் சொல்லை நீங்கள் முடித்துவைத்ததற்காகவோ வருந்தாதீர்கள். வசம்பால் திக்கல் மாறாது. ஆனால் திக்கல் நாக்கில் உள்ள குறையாலோ பயத்தாலோ வளர்ப்பாலோ வருவதும் அல்ல. மூளையின் அமைப்போடும் பரம்பரையோடும் தொடர்புடையது. தாய் என்பதால் உங்களுக்கு அவசரம் இருந்தது, அவ்வளவுதான்.

இனி பெரிய டீச்சரின் இன்றைய நிலைக்கு வருகிறேன். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் மறதி நோயோடு வாழ்வதாக 2023இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. எந்த வகை என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல முடியும். அதிகம் காணப்படும் அல்சைமர் வகையில், புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதிதான் முதலில் பழுதாகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். இளமையில் நடந்தது வெகுநாள் நிற்கும். கைக்கும் வாய்க்கும் பழகிப்போன காரியங்கள், அதாவது கோலம் போடுவது, பூத்தொடுப்பது, சுலோகம் சொல்வது, மனப்பாடமான வரிசைகளை ஒப்பிப்பது ஆகியவை, மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பதால் இன்னும் வெகுதூரம் கூட வரும். பக்கவாதத்தால் பேச்சிழந்த பேருந்து நடத்துநர் ஒருவர் என்னிடம் வந்தார். மனைவியின் பெயரைக் கேட்டால் அவருக்குக் கண்ணீர்தான் வரும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வண்டி புறப்படுவதாக வைத்துக்கொண்டு ‘தாராசுரம்’ என்று நான் எடுத்துக்கொடுத்ததும், சுந்தரபெருமாள்கோவில், பாபநாசம், அய்யம்பேட்டை என்று குரலை உயர்த்தி அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் நோய் வேறு, டீச்சரின் நோய் வேறு. ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு காலையும் சொன்ன ஒரு வரிசை எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறவருக்கு நன்றியால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் மறந்துபோயிற்று. பார்த்ததனால் வந்த துக்கமும் மகிழ்ச்சியும் மட்டும், காரணம் தெரியாமலே, அவர்களிடம் தங்கியிருந்தன. நீங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உங்கள் முகம் அவருக்கு மறந்துபோகலாம். தம்மை யாரோ மதித்து, கனிவோடு பேசிவிட்டுப் போன அந்தச் சுகம் அவருடைய பிற்பகலில் இருக்கும். காரணம் சொல்ல முடியாத ஒரு நல்ல பிற்பகல் அவருக்கும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும், சிறிய விஷயம் அல்ல.

போகும் விதத்தைப் பற்றி இப்போது எழுதுகிறேன். காணும் பொங்கல் பெரியவர்களைப் பார்த்து ஆசி வாங்கும் நாள் என்பதால் அன்றைக்கே போக உங்களுக்குத் தோன்றும். அன்று வீட்டில் கூட்டமும் சத்தமும் இருக்கும், கூட்டம் இந்த நோயில் மிகவும் குழப்பும். இரண்டு நாள் கழித்து, மகளிடம் கேட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மணி வாக்கில் போங்கள். மாலை நேரத்தில் இவர்களில் பலருக்குப் பதற்றமும் குழப்பமும் கூடும். நீங்களும் மகனும் மட்டும் போனால் போதும். தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லுங்கள்; கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ இருந்தால் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வராமல், அவர் பார்க்கும் திசையிலிருந்து மெல்லப் போய், அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். உங்கள் மகன் காலில் விழ ஆசைப்படுவான். திடீரென்று ஓர் ஆள் கீழே குனிந்தால் அவர் மிரண்டுபோகக்கூடும், ஆகவே முகம் பழகிய பிறகு, புறப்படும் நேரத்தில் நிதானமாகச் செய்யட்டும்.

நம் வீடுகளில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்.’ பாசத்தோடுதான் கேட்கிறார்கள். மறதி நோய் உள்ளவருக்கோ அது விடை தெரியாத தேர்வு. வருகிறவர் ஒவ்வொருவரும் அந்தத் தேர்வை வைத்து, அவர் தோற்பதைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். ‘உள்ளேன் அம்மா’ சொல்ல முடியாமல் வகுப்பின் நடுவே நின்ற உங்கள் மகனின் முகம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே நிலையில் அவரை நிறுத்திவிடாதீர்கள். நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: ‘டீச்சர், வணக்கம். நான் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறேன். இவன் என் மகன். உங்களிடம் படித்தவன்.’ ஒவ்வொன்றாக, சிறு சிறு வாக்கியமாகச் சொல்லி, இடையில் நிறுத்துங்கள். அவர் பதில் சொல்லத் தொடங்க நேரமாகும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் தடுமாறும் சொல்லை உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். ‘முடிக்கட்டும்மா, நமக்கு என்ன அவசரம்’ என்று அவரே உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். திக்கலுக்கும் இந்த நோய்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. திக்கலில் சொல் தெரியும், வெளியே வருவதுதான் தாமதம். எனவே கடைசி வரை காத்திருக்க வேண்டும். மறதி நோயில் சொல்லே தொலைந்துபோகலாம். ஆகவே நன்றாகக் காத்திருந்தும் அவர் தேடித் தவிப்பது தெரிந்தால், மென்மையாக ஒரு சொல்லை அவர் பக்கம் நகர்த்தி வைக்கலாம்.

உங்கள் மகனை வேறு ஒரு மாணவன் என்று அவர் நினைத்துக்கொண்டால் திருத்த வேண்டாம். மணி அடித்தாயிற்று, சத்துணவுக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று எழுந்தால், ‘இல்லை டீச்சர், நீங்கள் ஓய்வுபெற்று இருபது ஆண்டாகிறது’ என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் எத்தனை பேர், இன்று என்ன சமையல் என்று அவர் இருக்கும் இடத்திலேயே நின்று பேசுங்கள். இறந்துபோன ஒருவரை அவர் விசாரித்தாலும் அப்படியே. அந்தச் செய்தி ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதுச் செய்தியாகத்தான் போய் விழும்.

கையில் என்ன கொண்டுபோவது? இனிப்பு வேண்டாம் என்பேன். சர்க்கரை நோயைக் காரணமாகச் சொல்லவில்லை. நோய் முற்றும்போது விழுங்குவதும் தடுமாறும், அன்போடு ஊட்டிய ஒரு துண்டு பிஸ்கட் புரையேறி மருத்துவமனைக்குப் போனவர்களுக்கும் நான்தான் சிகிச்சை செய்கிறேன். எதைக் கொடுத்தாலும் மகளைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் சொல்வது ஒரு சிலேட்டு, ஒரு பலப்பம். உங்கள் ஊர் வேலியில் கோவைக்கொடி இருந்தால் நான்கு இலையும் பறித்துக்கொள்ளுங்கள்; சிலேட்டைக் கோவை இலையால் தேய்த்த மணம் வாய்வார்த்தையைவிட அவரை வேகமாக எட்டலாம். எழுதச் சொல்லிக் கேட்காமல் சிலேட்டை மடியில் வைத்துவிட்டு இருங்கள். கை தானாக எழுதினால் எழுதட்டும். எழுதாவிட்டால் அதைத் தடவிக்கொண்டு இருக்கட்டும். உங்கள் மகன் மெதுவான குரலில் இரண்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கட்டும். அவர் உதடு அசைந்தால், அவரோடு சேர்ந்தே, அவர் வேகத்துக்குச் சொல்ல வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். அன்று அவர் தம் குரலை இவனுக்குத் துணையாகக் கொடுத்தார். அதே உதவி வேறு காரணத்தால் இன்று அவருக்கு வேண்டியிருக்கிறது, அதைச் செய்வதற்கு உங்கள் மகனைவிடத் தகுந்தவர் யாரையும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்காமலும் போகலாம். அன்று அவருக்கு நல்ல நாளாக இல்லாவிட்டால், முகம் சுளித்தாலோ எழுந்து போக முயன்றாலோ, கால் மணி நேரத்தில் விடைபெற்றுக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னதாக மகனிடம் கேட்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது உங்கள் நினைவு. பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே நின்ற தாயின் நினைவு அது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுடையது வேறாக இருக்கலாம். சிலருக்கு இளம் வயதுத் திக்கலைப் பற்றிப் பேசுவதே பிடிப்பதில்லை. சிலர் நாம் பெரிதாக நினைக்கும் சம்பவத்தை மறந்துவிட்டு, டீச்சரின் கைக்கடிகாரத்தையோ மழைநாளில் அவர் பிடித்த குடையையோ நினைவில் வைத்திருப்பார்கள். பெரிய டீச்சரின் உடல்நிலையை ஒளிக்காமல் சொல்லி, ‘உன்னைத் தெரியாமல் போகலாம், அப்படியும் பார்க்க விரும்புகிறாயா?’ என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவன் தாங்குவான். அவன் வர விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்; நீங்கள் மட்டும் போங்கள்.

போய்வந்த பிறகு எனக்கு எழுதியதைப் போலவே ஒரு கடிதத்தை அவருடைய மகளுக்கு எழுதிக் கொடுங்கள். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இரவில் எழுந்து கதவைப் பூட்டி, ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் சொல்லி, நாளடைவில் தாயை நோயாக மட்டுமே பார்க்கத் தொடங்கிவிடும் அளவுக்குக் களைத்துப்போகிறார்கள். அவருடைய தாய் பள்ளியில் எப்படிப்பட்டவராக இருந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வீட்டுக்குத் திரும்பிய களைப்பான அம்மாவைத்தான் அவர் பார்த்திருப்பார். இரண்டிரண்டு பேராகச் சொன்ன ‘உள்ளேன் அம்மா’வை அவருக்குச் சொல்லுங்கள். நன்றி சொல்லத் தாமதித்துவிட்டேன் என்று நீங்கள் வருந்தியது உண்மைதான், தாமதமாகிவிட்டது. ஆனால் அந்த நன்றியை முழுவதும் புரிந்துகொண்டு பத்திரமாக வைத்துக்கொள்ள அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. முடிந்தால் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றையும் எடுத்துப் போங்கள். முதல் பக்கத்தில் உங்கள் மகனோடு படித்த பிள்ளைகளின் பெயர்களை, நினைவிருக்கும் வரை, பதிவேட்டில் இருப்பதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் கையில் கொடுங்கள். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம். ஒருவேளை விரலை வைத்து ஒரு பெயரை வாசித்தால், அது எவருடைய பெயராக இருந்தாலும் சரி, நீங்களும் உங்கள் மகனும் சேர்ந்து ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்லுங்கள்.